‘ஸ்கிட்’ குழந்தைக்கு மஜ்ஜை மாற்று: எந்தக் கொடையாளர், எந்த முறை, எவ்வளவு எதிர்ப்பாற்றல்?

தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களே இல்லாமல், அல்லது இருந்தும் வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைகளின் நோயை மருத்துவர்கள் ‘ஸ்கிட்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தீவிர ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாடு என்று தமிழில் எழுதலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 1968-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் என்ற மருத்துவரின் குழு, ஒரு கைக்குழந்தைக்கு அவனுடைய சகோதரியின் மஜ்ஜையை ஏற்றி முதல் வெற்றியைக் கண்டது முதல் மஜ்ஜை மாற்றே இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சையாக இருந்து வருகிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு இந்நோய் உறுதியாகும்போது, உடன்பிறந்தவர், பதிவேட்டில் கிடைக்கும் உறவில்லாத கொடையாளர், பெற்றோரில் ஒருவர் என மூன்று கொடையாளர் வழிகள் முன்வைக்கப்படுகின்றன. இம்மூன்றுக்கும் பொதுவாக, மாற்றுக்கு முன், பழைய மஜ்ஜையை ஒடுக்கிப் புதியதற்கு இடம் தரும் கீமோ மருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியும் உண்டு. பிழைக்கும் விகிதத்தை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவது வழக்கம். பிழைத்த குழந்தைக்கு எந்தச் செல் எப்போது திரும்புகிறது, எது திரும்பாமலே போய்விடக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் குடும்பம் எடுக்கும் முடிவு இருபது ஆண்டுகளுக்குத் தாங்கும்.

கொடையாளரைப் பற்றிப் பேசுவதற்கு முன் குழந்தையின் நிலையைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் ஒப்பீட்டின் முடிவையே அது மாற்றிவிடுகிறது. 2000 முதல் 2009 வரை மாற்று செய்யப்பட்ட 240 ‘ஸ்கிட்’ குழந்தைகளை வட அமெரிக்க மையங்கள் சேர்ந்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூன்றரை மாதத்துக்குள் மாற்று நடந்த குழந்தைகளில், கொடையாளர் யாராக இருந்தாலும், ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 94 விழுக்காடு. அதைவிட மூத்த குழந்தைகளில் தொற்றே இல்லாதவர்களுக்கு 90, தொற்று வந்து குணமானவர்களுக்கு 82 என்று அது இறங்கியது. தொற்று இருக்கும்போதே மாற்றுக்குப் போனவர்களின் நிலை இதைவிட வெகுவாக மோசம். அங்கெல்லாம் பிறந்தவுடன் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். விஸ்கான்சினில் 2008-இல் தொடங்கிய இப்பரிசோதனை 2018-இன் முடிவுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்துக்கும் வந்துவிட்டது. நம் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. இங்கே நோய் வெளிப்படுவது தீராத வயிற்றுப்போக்கிலோ, வாயில் படர்ந்து போகாத வெள்ளைப் பூஞ்சையிலோ, நிமோனியாவிலோ, இடது தோளில் பி.சி.ஜி. போட்ட இடம் ஆறாமல் அக்குளில் நெறி கட்டுவதிலோதான்.

ஆகவே நம் பகுதிக் குழந்தை மாற்று மையத்துக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் ‘மூத்த, தொற்றுள்ள’ வகையில்தான் இருக்கும். அந்தத் தாமதத்தைக் குறைக்க உள்ளூரிலேயே வழி இருக்கிறது. காரைக்குடியின் எந்த ஆய்வுக்கூடத்திலும் எடுக்கக்கூடிய சாதாரண இரத்த அணு எண்ணிக்கைச் சீட்டில் மொத்த வெள்ளணு 6,800 என்றும் லிம்போசைட் 14 விழுக்காடு என்றும் இருந்தால், பெருக்கிப் பார்க்க வேண்டும், 952 வரும். மொத்த எண்ணிக்கை சரியாக இருப்பதால் அந்தச் சீட்டு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கைக்குழந்தைக்கு இந்தப் பெருக்குத்தொகை 3,000-க்குக் கீழே போனாலே ‘ஸ்கிட்’ இருக்குமா என்று யோசிக்க வேண்டும். வேறு எந்தப் பெரிய பரிசோதனையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு சொல்வதில்லை.

இனி கொடையாளர்கள். எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம் முழுமையாகப் பொருந்தும் உடன்பிறந்த பிள்ளை இருந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. மேற்சொன்ன ஆய்வில் அவ்வகைக் குழந்தைகளின் உயிர்பிழைப்பு 97 விழுக்காடு. மஜ்ஜையிலிருந்து எதையும் நீக்காமல், பெரும்பாலும் கீமோ கொடுக்காமல், அப்படியே ஏற்றுகிறார்கள். மஜ்ஜையோடு சேர்ந்து வரும் முதிர்ந்த டி செல்கள் சில வாரங்களிலேயே குழந்தையின் உடலில் பெருகி, இருக்கும் தொற்றை எதிர்க்கத் தொடங்கிவிடும். எதிர்ப்பாற்றல் மீட்சியில் இதைவிட வேகமான வழி கிடையாது. அண்ணனோ அக்காவோ அந்த மரபணுப் பிழையைச் சுமப்பவராக மட்டும் இருந்தால், அதாவது தமக்கு நோயின்றி இருந்தால், கொடையாளராவதற்கு அது தடையில்லை. ஆனால் ஒவ்வொரு உடன்பிறப்பும் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். தலைப்பிள்ளைக்கே நோய் என்றால் அந்த வாய்ப்பும் இல்லை.

உறவுக்குள் தேடலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் உடனே கேட்பார்கள். பங்காளி வீடுகள், தாய்வழி வீடுகள் என்று நாற்பது ஐம்பது பேர் இரத்தம் கொடுக்க முன்வருவது இப்பகுதியில் அரிதன்று. இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நகரத்தாரில் ஒரே கோவில், ஒரே பிரிவுப் பங்காளிகளுக்குள் மணவுறவு கிடையாது; ஆனால் மாமன் மகள், அத்தை மகன் உறவில் முடிக்கும் திருமணங்கள் செட்டிநாட்டின் பல சமூகங்களிலும் உண்டு. பெற்றோர் அப்படி உறவுக்குள் மணந்தவர்களானால், தாயோ தந்தையோ சித்தப்பாவோ அத்தையோ முழுதாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு மற்ற குடும்பங்களைவிடக் கூடுதல். அங்கே நெருங்கிய உறவினரைப் பரிசோதிப்பது பொருளுள்ள செலவு. உறவில்லாத மணமானால், பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் தாண்டிப் பரிசோதிப்பது பெரும்பாலும் பணத்தையும் நாளையும் வீணாக்குவதாகவே முடியும். ஐம்பது பேரின் அன்புக்கு அதைவிட நல்ல பயன் இரத்தத் தட்டணுக் கொடையில் இருக்கிறது.

பதிவேட்டுக் கொடையாளர் என்பது தாளில் அழகாகத் தெரியும் வழி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் நம்மிடமும் உள்ளன. முழுப் பொருத்தமுள்ள ஒருவர் கிடைத்து, அவர் சம்மதித்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, மஜ்ஜை கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடக்கூடும். தொற்றில்லாத, மருத்துவமனைத் தனியறையில் பாதுகாப்பாக இருக்கும் குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு ஒருவேளை கட்டுப்படியாகலாம். நுரையீரலில் வைரஸோடு இருக்கும் குழந்தைக்குக் கட்டாது. காத்திருப்பின் எல்லை எது என்பதற்கு டெக்ஸஸில் 1971-இல் பிறந்த டேவிட் வெட்டரின் வாழ்க்கையை மருத்துவ உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. பொருந்தும் கொடையாளர் கிடைப்பார் என்று பிளாஸ்டிக் அறைக்குள் பன்னிரண்டு வயது வரை வளர்ந்த அச்சிறுவனுக்குக் கடைசியில் 1983-இல் அக்காவின் முழுதும் பொருந்தாத மஜ்ஜையே ஏற்றப்பட்டது. அதில் ஒளிந்திருந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் உண்டாக்கிய புற்றுநோயால் மறு ஆண்டு அவன் இறந்தான்.

மூன்றாம் வழியான பாதிப் பொருத்தம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஏனென்றால் தாயும் தந்தையும் குழந்தையோடு சரிபாதி பொருந்துவார்கள். பொருந்தாத மறுபாதியைப் பெற்றோரின் டி செல்கள் அந்நியமாகக் கருதிக் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும் என்பதே இதிலுள்ள இடர். அதைத் தடுக்க இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, ஏற்றுவதற்கு முன்பே ஆய்வகத்தில் அந்த டி செல்களை நீக்கிவிடுவது. இன்று ஆல்பா-பீட்டா வகை டி செல்களையும் எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களையும் மட்டும் காந்த முறையில் பிரித்தெடுத்துவிட்டு, வைரஸை எதிர்க்க உதவும் காமா-டெல்டா செல்களையும் என்.கே. செல்களையும் விட்டுவைக்கிறார்கள். இரண்டாவது, எதையும் நீக்காமல் ஏற்றிவிட்டு, மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுத்து, குழந்தையைத் தாக்கப் பெருகும் செல்களை அழிப்பது. முதல் முறைக்கான கருவித்தொகுப்பு பல லட்சம் ரூபாய் பிடிக்கும் என்பதால், இந்திய மையங்களில் இரண்டாம் முறை பரவலாகியிருக்கிறது.

எதிர்ப்பாற்றல் மீட்சியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. டி செல் நீக்கிய மஜ்ஜையை ஏற்றினால், கொடையாளரின் மூலச்செல்கள் குழந்தையின் தைமஸ் சுரப்பிக்குப் போய், அங்கே புதிதாக டி செல்களாக முதிர்ந்து வெளிவர மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகும். அதுவரை குழந்தை ஏறத்தாழ எதிர்ப்பற்ற நிலையிலேயே இருக்கும். ஆனால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படாமலோ மிகக் குறைவாகவோ இதைச் செய்ய முடியும். சைக்ளோபாஸ்பமைடு முறையில் முதிர்ந்த டி செல்கள் சற்று முன்னதாகவே கிடைக்கும். அதற்கு விலையாக, பெரும்பாலும் முன்கீமோவும், பின்னர் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளும் வேண்டியிருக்கும். இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. பிறந்தவுடன் பி.சி.ஜி. போடப்பட்டுவிட்டதால், அந்த உயிருள்ள கிருமி உடலில் பரவாதிருக்க ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்துகளைப் பல குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸின் அளவையும் பூஞ்சை மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். எனவே பி.சி.ஜி. பரவிய குழந்தைக்குச் சைக்ளோபாஸ்பமைடு முறையைப் பரிந்துரைக்கும் மையத்திடம், ‘காசநோய் மருந்தை எப்படி மாற்றி அமைப்பீர்கள்?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. தொற்று இருக்கும்போதே மாற்றுக்குப் போக நேர்ந்த, பொருந்தும் உடன்பிறப்பு இல்லாத குழந்தைகளில், டி செல் நீக்கிய பாதிப் பொருத்த மஜ்ஜையைக் கீமோ இல்லாமல் ஏற்றியதே சிறந்த பலன் தந்தது என்று 2014 ஆய்வு சொல்வதையும் சேர்த்துப் பார்க்கையில், கருவித்தொகுப்பின் செலவைச் சிக்கனம் பிடிக்கும் இடமாகக் கருதக்கூடாது என்பது என் கருத்து. 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் ‘ஸ்கிட்’ முதல் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. 2022 முதல் ரூ. 50 லட்சம் வரை உதவி உண்டு. ஆனால் அத்தொகை அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாகவே கிடைக்கும் என்பதால், மையத்தைத் தேர்ந்த பிறகு பணத்தைத் தேடாமல், இரண்டையும் ஒரே நேரத்தில் விசாரிக்க வேண்டும்.

முன்கீமோ பற்றிய கேள்விதான் இவை எல்லாவற்றிலும் கடினமானது. அதற்கு விடை மரபணுவில் இருக்கிறது. கீமோ இல்லாமல் ஏற்றினால் பொதுவாகக் கொடையாளரின் டி செல்கள் மட்டுமே நிலைகொள்ளும். பி செல்கள் குழந்தையின் பழைய செல்களாகவே இருக்கும். அந்தப் பழைய பி செல் வேலை செய்யுமா என்பது பிழை எங்கே என்பதைப் பொறுத்தது. ஐ.எல்.7.ஆர். மரபணுவில் பிழையென்றால், பி செல்லுக்குக் குறையில்லை. டி செல் வந்து துணை நின்றால் போதும், அது தானாகவே எதிர்ப்பொருளை உண்டாக்கும். இக்குழந்தைக்குக் கீமோ கொடுப்பது தேவையற்ற துன்பம். ஐ.எல்.2.ஆர்.ஜி. அல்லது ஜாக்3 மரபணுவில் பிழையென்றால், டி செல் வந்த பிறகும் பழைய பி செல்லால் கட்டளையைக் கேட்க முடியாது. கீமோ இல்லாமல் மாற்று நடந்த இவ்வகைக் குழந்தைகளில் பெரும் பகுதியினருக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி தொடர வேண்டியிருக்கிறது. ராக் மரபணுக்களிலோ ஆர்ட்டெமிஸ் மரபணுவிலோ பிழையென்றால் நிலைமை இன்னும் இறுக்கமானது: குழந்தையின் சொந்த என்.கே. செல்கள் வலுவாக இருந்து புதிய மஜ்ஜையை எதிர்க்கும், தைமஸிலும் மஜ்ஜையிலும் பழைய செல்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கீமோ இல்லாமல் டி செல் மீட்சியே அரைகுறையாகும். ஆனால் ஆர்ட்டெமிஸ் பிழையுள்ள குழந்தைக்கு, உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டவைக்கும் திறனே குறைவு. பியூசல்ஃபான், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் பிற்காலத்தில் வளர்ச்சிக் குறைவு, பல் முளைக்காமை, ஹார்மோன் கோளாறு ஆகியவற்றைக் கொண்டுவரும். ‘ஸ்கிட்’டின் இன்னொரு வகையான அடினோசின் டிஅமினேஸ் குறைபாட்டுக்கு நொதி ஊசியும் மரபணுச் சிகிச்சையும் மேலைநாடுகளில் உள்ளன. நம் குடும்பங்களுக்கு அவை இன்று எளிதில் கிடைக்கும் வழிகள் அல்ல.

உறவுமுறையே இங்கே ஒரு தடயம் தரும். அம்மாவைப் பெற்ற ஆயாவிடம், ‘மாமன்மார் யாராவது கைக்குழந்தையிலேயே தவறிப் போனார்களா?’ என்று கேட்டால், ஐ.எல்.2.ஆர்.ஜி. பிழை தாய்வழி ஆண் பிள்ளைகளில் வந்த வரலாறு வெளிப்படக்கூடும். பெண் குழந்தைக்கு நோய், பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள் என்றால் மற்ற மரபணுக்களைத்தான் முதலில் ஐயுற வேண்டும். மரபணு முடிவு வர வாரங்கள் ஆகும். அதற்குள் டி, பி, என்.கே. செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி ஒரு நாளிலேயே எந்த வகை என்று ஓரளவு காட்டிவிடும்.

கீமோவைத் தவிர்த்ததால் வாழ்நாள் முழுதும் இம்யூனோகுளோபுலின் என்று முடிந்தால், குடும்பம் அதன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.4 கிராம், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. எட்டுக் கிலோக் குழந்தைக்கு மூன்று கிராம் சொச்சம். அதே பிள்ளை ஐம்பது கிலோ எடைக்கு வளரும்போது ஒவ்வொரு முறையும் 20 கிராம். செலவு வளர்ச்சியோடு சேர்ந்து வளர்கிறது. எதிர்த்தட்டில், கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பியூசல்ஃபானால் கல்லீரல் நாள அடைப்பும் பின்னாளில் மலட்டுத்தன்மையும் வரக்கூடும். 2014 ஆய்வில் கீமோ பெற்றவர்களுக்கு டி செல் எண்ணிக்கையும், ஊசியிலிருந்து விடுதலையும், ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளின் மீட்சியும் கூடுதலாக இருந்தன, சி.டி.4 என்ற வகை டி செல்களின் மீட்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொற்றில்லாத, மூன்று மாதம் தாண்டிய, ஐ.எல்.2.ஆர்.ஜி. பிழையுள்ள குழந்தைக்கு, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் குறைவாகக் கொடுக்கும் பியூசல்ஃபானைப் பரிசீலிக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நுரையீரல் தொற்றோடு ஆக்சிஜனில் இருக்கும் குழந்தைக்கு, முதலில் டி செல்லைக் கொண்டுவந்து உயிரைக் காப்பாற்றிவிட்டு, பி செல்லைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம்.

தேர்ந்த வழி பலன் தருகிறதா என்பதை அறிய ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் முக்கியமானவை. 1982 முதல் 2012 வரை மாற்று நடந்த 662 குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் வந்த ஆய்வு, அந்த மாதங்களில் சி.டி.4 எண்ணிக்கை 500-க்குக் கீழே இருப்பதையும், சி.டி.45.ஆர்.ஏ. குறியுள்ள புதிய டி செல்கள் குறைவாக இருப்பதையும் பின்னால் வரும் தோல்வியின் முன்னறிகுறிகளாகக் காட்டியது. அந்தக் குறியுள்ள செல்களே தைமஸ் உழைக்கிறது என்பதற்குச் சான்று. மொத்த டி செல் எண்ணிக்கை நன்றாக இருந்து இவை இல்லையென்றால், மஜ்ஜையோடு வந்த பழைய செல்கள் மட்டுமே பெருகியிருக்கின்றன என்று பொருள். பி செல்லுக்கு ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்ப்பதால் பயனில்லை, ஏனென்றால் அது ஊசியில் வந்த ஐ.ஜி.ஜி.யாக இருக்கும், ஊசியில் ஏறத்தாழ இல்லாத ஐ.ஜி.எம். உயர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மீட்சியின் அறிகுறி சில நேரம் மோசமடைவதைப் போலவே இருக்கும். அடங்கிக் கிடந்த பி.சி.ஜி. தழும்பு, மாற்று முடிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ திடீரெனச் சிவந்து, வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சலோடு வரும். புதிய டி செல்கள் அந்தக் கிருமியைக் கண்டு எதிர்க்கத் தொடங்கியதன் விளைவு அது. வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல், அன்றே மாற்று மையத்துக்குச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு தேவையா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

எந்த வழியானாலும் முதல் நூறு நாட்களாவது வேலூர் சி.எம்.சி. அல்லது சென்னை போன்ற மாற்று மையத்தின் அருகில் தங்குவதே நல்லது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸின் நெரிசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது சரிவராது. ஊர் திரும்பிய பிறகு செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த இரண்டாம் கட்டு அறைகளை விசேஷத்துக்காகத் திறந்து, சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி, புறா எச்சத்தைக் கூட்டும்போது எழும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் கிரிப்டோகாக்கஸும் இருக்கக்கூடும். டி செல் நீக்கிய முறையில் மாற்று நடந்த குழந்தை அந்த நான்கு மாதங்களில் அவ்வீட்டில் இருக்கக்கூடாது. ஊருக்குள் ஒரு சிறிய, புதிய வாடகை வீடு அதைவிடப் பாதுகாப்பு. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசியே போட வேண்டும், ஏனென்றால் சொட்டு மருந்திலுள்ள உயிருள்ள வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும்.

அடுத்த கர்ப்பம் பற்றிய முடிவும் இதே நேரத்தில் வந்து நிற்கும். இரு பெற்றோரிடமிருந்தும் வரும் வகைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு; தாய்வழி வகையில் ஆண் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி. மரபணுப் பிழை முன்பே தெரிந்திருந்தால் கருவிலேயே பரிசோதிக்கலாம். அதை விரும்பாத குடும்பம் பிரசவத்தன்று தொப்புள்கொடி இரத்தத்தை அனுப்பி, முடிவு வரும் வரை பி.சி.ஜி.யையும் வாய்வழிச் சொட்டு மருந்துகளையும் நிறுத்திவைக்கும்படி மகப்பேறு மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தாயின் இரத்தத்தில் சைட்டோமெகலோ வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தால், முடிவு தெரியும் வரை தாய்ப்பாலையும் தள்ளிவைக்க மருத்துவர்கள் சொல்லக்கூடும்; பிள்ளை பெற்ற வீட்டில் அதற்கு எழும் எதிர்ப்பைச் சமாளிக்க, காரணத்தை அப்பத்தாவுக்கும் ஆயாவுக்கும் பிரசவத்துக்கு முன்பே விளக்கிவைப்பது தாய்க்குப் பெரிய உதவி.